மைதா இல்லாத பசையும் 13 நட்சத்திரங்களும்

பசை காய்ச்சுவது என் தொழிலில் பாதி. கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையில் சிறிய பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கணக்குப் புத்தகம், பள்ளிப் பதிவேடு, முதுகு பிய்ந்த ஜெபப் புத்தகம் என்று எது வந்தாலும் தைத்து ஒட்டிக் கொடுப்பேன். இருபது வருடமாக ஒரே பக்குவம்தான்: மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட், நச்சு). என் மகளுக்குக் கோதுமை ஒவ்வாது. மைதா என்பது கோதுமைதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் தேவைப்பட்டது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. நான்கு வயதில் தடிப்பு வரத் தொடங்கியது. என் அம்மா அதைக் காணாக்கடி என்று சொல்லி வேப்பிலை அரைத்துப் பூசினாள். சப்பாத்தி, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ரசம் சாப்பிட்ட நாட்களில் தடிப்பு வந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்கள் என்பது டப்பாவின் பின்புறத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பரிசோதனைக்குப் பின் மருத்துவர் கோதுமைதான் என்று உறுதி சொன்னார். சாப்பிடுவது மட்டுமல்ல, மாவு பட்ட கையால் கண்ணையோ வாயையோ தொட்டாலும் போதும் என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது நான் காதில் வாங்கியது "சாப்பிடுவது" என்ற சொல்லை மட்டும்.

சென்ற டிசம்பரில் மறைக்கல்வி வகுப்பில் பிஸ்கட்டால் குடில் கட்டினார்கள். டீச்சர் நல்லவர். என் மகளைத் தனியாக உட்கார வைத்து, பிஸ்கட்டுக்குப் பதிலாக நட்சத்திரம் ஒட்டக் கொடுத்தார். பசை நான் கொடுத்தனுப்பியது. குழந்தைகள் கை வைப்பார்களே என்று மயில்துத்தம் போடாமல் தனியாகக் காய்ச்சிக் கொடுத்திருந்தேன், அவ்வளவு கவனம்! ஒரு மணி நேரத்தில் முழங்கை வரை சிவந்து தடித்து, கண்ணைக் கசக்கியதில் இரண்டு இமைகளும் வீங்கிவிட்டன. எல்லோரும் பக்கத்து மேசையின் பிஸ்கட் தூளைக் குற்றம் சொன்னோம். இரவு அவள் தூங்கிய பிறகு என் மனைவி கேட்டாள்: "நீங்கள் காய்ச்சிக் கொடுத்த பசையில் என்ன இருக்கிறது?"

அதனால் இந்த வருடம் டீச்சரிடம் முன்பே பேசினேன். அவளுக்கு மட்டும் தனிப் பொட்டலம் வேண்டாம், மேசையில் இருக்கும் எதையும் 13 பிள்ளைகளும் தொடலாம் என்ற நிலையில் நானே பொருட்களைத் தயார் செய்து தருகிறேன் என்றேன். சரி என்றார். இன்னொரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது என்பதையும் அப்போதுதான் சொன்னார். கடலைத் தோட்டில் படகு செய்யும் திட்டம் அங்கேயே விழுந்தது.

முதல் முயற்சி அரிசி மாவு. நவம்பர் நடுவில், வீட்டு அரிசியைக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். பசை அருமையாக வந்தது. மைதா பசையைவிடக் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆறவைத்திருந்த பாத்திரத்தில் மகள் விரலை விட்டு நோட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் மணிக்கட்டில் மூன்று தடிப்பு. மருத்துவர் கொடுத்து வைத்திருந்த சிரப்பில் அடங்கியது.

அரிசியில் கோதுமை எங்கிருந்து வந்தது? மில்லில் நின்று பார்த்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போனார். அதே கல், அதே துணிக்குழாய். முதலில் விழும் அரைக் கிலோவில் அவருடைய மாவும் கலந்துதான் வரும். வீட்டு மிக்சியில் அரைக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஜாரில் ரவை பொடித்த நாட்கள் உண்டு என்று மனைவி நினைவுபடுத்தினாள். அரைக்க வேண்டிய எதுவும் வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம்.

இரண்டாவது மரச்சீனி. எங்கள் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்கை அப்படித்தான் சொல்வோம். வீட்டுப் பின்புறம் நான்கு மூடு, அதாவது நான்கு செடி, நின்றது. டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்தில் விடுமுறை, கடை அடைப்பு. அன்று காலை இரண்டு மூடு பிடுங்கி, மூன்று கிலோ கிழங்கைத் தோல் சீவித் துருவினேன். துருவலைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து பிழிந்தால் பால் போன்ற தண்ணீர் இறங்கும். நான்கு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் மாவு கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரைக் கோழியும் ஆடும் எட்டாத இடத்தில் கொட்டினேன். பச்சை மரச்சீனியில் சயனைடு கக்கும் பொருள் உண்டு, கட்டுக் கிழங்கென்றால், அதாவது கசப்பு ரகமென்றால், அதிகம். மறுபடி நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கிப் படியவைத்து, மூன்றாவது முறையில் பளிச்சென்ற மாவு கிடைத்தது. தொட்டால் கிறுக்கென்று சத்தம் போடும், சுண்ணாம்பு போல வழுக்கும்.

அதைக் காயவைக்க வெயில் வேண்டுமே. அன்று மதியம் தொடங்கிய மழை நான்கு நாள் விடவில்லை. கூரைக்குக் கீழே ஃபேனில் வைத்தேன். ஐந்தாம் நாள் புளித்த வாடை, ஓரத்தில் பச்சைப் பூஞ்சை. அவ்வளவும் குப்பைக்குப் போயிற்று. இங்கே இரண்டு பருவ மழையும் பெய்யும் என்று பெருமையாகச் சொல்வோம். மாவு காயவைக்கிறவன் அதைப் பெருமையாகச் சொல்லமாட்டான். மாசி வெயிலில் எடுத்து வைத்திருக்க வேண்டிய மாவு இது.

மூன்றாவது யோசனை என் அம்மாவுடையது. "மக்களே, கிழங்கு மாவுக்கு இத்தனை பாடு எதற்கு? ஜவ்வரிசி கிழங்கு மாவுதானே!" சேலம் பக்கத்தில் மரவள்ளி மாவை உருட்டி வறுத்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள். அரைக்கவே வேண்டாம், ஊறவைத்துக் காய்ச்சினால் கரையும். கடையில் மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவதை வாங்கவில்லை. பக்கத்து மூட்டையில் ரவை, இரண்டுக்கும் ஒரே கரண்டி. ஒட்டிய பாக்கெட் 500 கிராம் வாங்கி, பின்புறம் படித்தேன். உணவுப் பொட்டலத்தில் பசையமுள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா போன்றவை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு லேபிள் விதி. பசை டப்பாவும் விளையாட்டுக் களிமண்ணும் உணவல்ல, அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. கடைகளில் விற்கும் மெத்தென்ற வண்ண மாவுகள் பலவற்றில் அடிப்படையே கோதுமை மாவுதான். அதனால்தான் சமையலறைப் பொருட்களிலிருந்தே தொடங்குவது எனக்கு எளிதாகப் பட்டது. குறைந்தபட்சம் படிக்க ஒரு பட்டியலாவது இருக்கிறது.

பக்குவம் இது. 100 கிராம் ஜவ்வரிசி, 900 மில்லி தண்ணீர், இரவு முழுக்க ஊறல். காலையில் சின்னத் தீயில் வைத்துக் கை விடாமல் கிண்ட வேண்டும். முதலில் மணிகள் ஊதிக் கண்ணாடி போல ஆகும், ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளி மறையும்வரை இறக்கக்கூடாது. எனக்கு 25 நிமிடம் ஆயிற்று. முதல் நாள் புள்ளியோடு இறக்கிவிட்டேன், துணியில் வடிகட்டும்போது பாதி மணி துணியிலேயே தங்கிவிட்டது. புதுத் துணி, புதுப் பாத்திரம், புதுக் கரண்டி. கடையில் மைதா கிண்டும் பழைய அகப்பையை எடுத்தவனை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

வடிகட்டிய பசை தெளிவாக, பளபளப்பாக இருந்தது. ஆனால் வெண்டைக்காய் போல இழுத்தது. தூரிகையைத் தூக்கினால் நூல் நூலாகத் தொடர்ந்து வந்து மேசையெல்லாம் வலை பின்னியது. இருபது வருடப் பைண்டருக்கு இது அவமானம். கொதிக்கும்போதே ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மேலும் ஐந்து நிமிடம் வைத்தபோது இழுவை குறைந்தது. புளிப்பு சேர்ந்தால் மாவின் நீளச் சரடுகள் அறுபடுகின்றன. கூடவே ஆறு கிராம்பு போட்டேன். நம் மலையில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, பூஞ்சையைத் தடுக்கும் குணமும் உண்டு. கிராம்பு போடாத கிண்ணம் இரண்டாம் நாள் நாறியது, போட்டது நான்காம் நாள் வரை நின்றது. மயில்துத்தத்துக்கு ஈடாகாது. ஆனால் பிள்ளைகள் கை படும் பசையில் மயில்துத்தத்துக்கு என்ன வேலை?

கோந்து வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். முடிந்துவிடும். ஆனால் 13 பிள்ளைகள், ஆளுக்கொரு கிண்ணம், விரலால் பூசி விளையாடும் வயது. கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க காய்ச்சிய பசைதான் கட்டுப்படியாகும். ரப்பர் பாலைச் சிலர் சொன்னார்கள், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ரப்பர் பாலே இன்னொரு ஒவ்வாமைப் பொருள் என்பதால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

இனி நட்சத்திரம். பெரிய நட்சத்திரத்துக்குக் கமுகைக் கீறிச் சிம்பு எடுப்போம். பிள்ளைகளுக்குத் தென்னை ஈர்க்கு போதும். ஒரு நட்சத்திரத்துக்கு 30 செ.மீ. நீளத்தில் பத்து ஈர்க்கு வேண்டும், ஐந்தில் முன்பக்கச் சட்டம், ஐந்தில் பின்பக்கச் சட்டம். கண்ணளவில் கட்டினால் ஒரு கால் நீண்டு, நண்டு மாதிரி வரும். என் முதல் இரண்டும் நண்டுகள்தான். பிறகு அளவெடுத்தேன். ஒவ்வொரு ஈர்க்கிலும் இரு முனைகளிலிருந்தும் 11.5 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடு போட வேண்டும். நடுவில் 7 செ.மீ. மிஞ்சும். ஈர்க்குகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் அந்தக் கோடுகளில் விழுந்தால் ஐந்து கால்களும் சமமாக நிற்கும். முனைகளை நூலால் கட்டி, பின்பக்கச் சட்டத்தை மேலே வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள் மூலைகள் ஐந்திலும் குறுக்கே ஒரு துண்டு ஈர்க்கைச் செருகினால் நட்சத்திரம் உப்பும்.

செருகும் துண்டை முதலில் 6 செ.மீ. வைத்தேன். ஒட்டிய பட்டத்தாள் இரவில் காயும்போது இறுகி, காலையில் பார்த்தால் மூன்று முகங்களில் பிளவு. 5 செ.மீ.க்குக் குறைத்த பிறகு தாள் தவில் தோல் போல விறைத்து நின்றது, கிழியவில்லை. இன்னொரு தவறு, பசையைத் தாளில் பூசியது. பட்டத்தாள் நனைந்த கணமே விரலோடு வந்துவிடும். பசையை ஈர்க்கில் பூசி, ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டிய தாளின் ஓரத்தை அதன்மேல் மடித்துவிட வேண்டும். மைதா பசை தொட்டவுடன் பிடிக்கும், அதிலுள்ள புரதம் செய்யும் வேலை அது. ஜவ்வரிசிப் பசைக்கு அந்தப் பிடிப்பு இல்லை, ஐந்து நிமிடம் துணிக் கிளிப் போட்டு வைக்க வேண்டும். பச்சை ஈர்க்கு காயக் காய வளைகிறது, பத்து நாள் முன்பே சீவி வைத்த ஈர்க்குதான் நேராக நிற்கும்.

குடிலுக்கு டீச்சர் மறுபடியும் உண்ணும் பொருளில் ஏதாவது செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், பிள்ளைகளுக்கு அது குதூகலம் என்பதால். எனக்குக் கொதும்புதான் நினைவுக்கு வந்தது. தென்னம்பாளை விரிந்த பின் காய்ந்து விழும் அந்தப் படகு வடிவ மட்டை. கவிழ்த்து வைத்தால் அப்படியே குகை. பாறைக்கு வழக்கமாகச் சிமெண்ட் மூட்டைத் தாளை மைதா பசையில் நனைத்துக் கசக்குவோம். அதற்குப் பதிலாகப் பன்னாடையைக் கிழித்துப் போர்த்தினோம், பசையே தேவைப்படவில்லை. கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை வைக்கோல் கொஞ்சம் தரையில். முட்டை அட்டை, பால் பாக்கெட், டீக்கடைத் தாள் போன்ற உணவு பட்ட எதையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். சுண்ணக்கட்டியையும் எடுத்து வைத்தார். தூசியில்லாச் சுண்ணக்கட்டிகள் சிலவற்றில் பால்புரதம் சேர்க்கிறார்கள். எங்கள் வகுப்பில் பால் ஆகாத பிள்ளை இல்லை என்றாலும் புதிதாக யாராவது வரலாம் என்றார். அது எனக்குத் தோன்றாத யோசனை.

பருப்பும் மக்ரோனியும் ஒட்டிப் படம் செய்வதற்கு மாற்றாகக் கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் வண்ண மணல் நல்லதாயிற்றே என்று நினைத்தேன். அம்மனின் நடக்காத கல்யாணத்துக்குக் குவித்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கதை. சாப்பாடு மணலான இடத்திலேயே சாப்பாடு இல்லாத படம்! மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. நம் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு, கையில் அளைய விடமாட்டேன் என்றாள். மணலைக் கைவிட்டுச் சிப்பி பொறுக்கிக் கழுவினோம்.

குடிலில் வைக்கும் ஆடுகளுக்குக் களிமண் மாதிரி ஒன்று வேண்டும். மைதாவும் உப்பும் பிசைவதுதான் பழைய வழி. நான் செய்தது: சமையல் சோடா இரண்டு தம்ளர், மக்காச்சோள ஸ்டார்ச் ஒரு தம்ளர், தண்ணீர் ஒன்றேகால் தம்ளர். அடி பிடிக்காமல் கிண்டினால் முதலில் மோர், பிறகு கூழ், திடீரென்று மசித்த உருளைக்கிழங்கு. அந்த நொடியில் இறக்கி ஈரத்துணி போர்த்தி ஆறவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்திய முதல் ஈடு உதிர்ந்தது. ஒரு விரல் தடிமனில் செய்த ஆடு காயும்போது முதுகில் வெடித்தது. தீக்குச்சி நீள உடம்பு, அரை விரல் தடிமன் என்றால் வெடிப்பதில்லை. இந்த ஈரக் காற்றில் காய மூன்று நாள். கால்களுக்கு நான்கு கிராம்பு தலைகீழாகக் குத்தினாள் மகள், குளம்பு போலவே இருந்தது. உடம்பில் இலவம்பஞ்சு. காதுகள் மட்டும் எல்லா ஆட்டுக்கும் நாய்க்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு வகுப்பு. மேசைகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம். பிள்ளைகள் காலை உணவு சாப்பிட்டு வந்தவர்கள், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உட்கார வைத்தோம். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கையில் ஒட்டிய மாவின் புரதத்தை அகற்றாது. நானும் குளித்து, கடைக்குப் போடாத சட்டையில் போயிருந்தேன். மருந்துப் பை டீச்சர் மேசையில் இருந்தது. சட்டங்களை வீட்டிலேயே கட்டிக் கொண்டுபோனதால் ஒன்றரை மணி நேரத்தில் 13 நட்சத்திரங்களும் முடிந்தன. மகள் முதல் வரிசையில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முழங்கை வரை பசையோடு, பக்கத்துப் பையனின் தாளையும் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் அவள் கையைப் பார்த்தேன். நான்காவது தடவை "அப்பா, போங்கள்" என்றாள். தடிப்பு வரவில்லை.

செலவு: ஜவ்வரிசி 48 ரூபாய், பட்டத்தாள் 26க்கு 156, நூல் 25, சோடா ஒரு கிலோ 95, ஸ்டார்ச் 75, புதுத் தூரிகை 13க்கு 195, கிளிப் 60. மொத்தம் 654 ரூபாய். கழித்துப்போட்ட கிழங்கையும் அரிசி மாவையும் கணக்கில் சேர்க்கவில்லை. தூரிகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று கடையின் பழைய தூரிகைகளை வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தேன். மயிர்க்கட்டின் அடியிலிருந்து மூன்றாவது தண்ணீரிலும் வெள்ளை வந்தது, விட்டுவிட்டேன்.

நட்சத்திரங்களைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். 23ஆம் தேதி இரவு சாரல் அடித்து நான்கு நட்சத்திரங்கள் உரிந்தன. மைதா பசையும் நனைந்தால் இளகும்தான், ஆனால் இது சீக்கிரம் இளகுகிறது. அடுத்த முறை ஓரங்களில் மட்டும் தேன்மெழுகு தேய்த்துப் பார்க்க வேண்டும், மார்த்தாண்டத்தில் கிடைக்கும். மாசியில் கிழங்கு மாவு காயவைத்து டப்பாவில் அடைப்பேன். களிமண்ணை நவம்பரிலேயே தொடங்குவேன்.

கடையை விட்டு மைதா போகவில்லை. ரெக்சின் முதுகை ஜவ்வரிசிப் பசை தாங்காது, இரண்டு முறை திறந்தால் பெயர்ந்துவிடுகிறது. அதனால் மகள் கடைக்குள் வருவதில்லை. நான் வீட்டு வாசலில் சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் வீட்டு அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் பசை காய்ச்சுகிறேன். பழைய காலண்டர் தாளை மடித்து, தைத்து, அட்டை ஒட்டி அவள் நோட்டு கட்டுகிறாள். இதுவரை ஆறு. மூலைகள் கோணலாக இருக்கின்றன. திருத்தட்டுமா என்று கேட்டால் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.